நின்னு போச்சுன்னா யாரு எழுப்புவா

தம்பி,

"இது நடுவுல நின்னு போச்சுன்னா, என்னைய யாரு எழுப்புவா டீச்சர்?"

உன் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டது உன்னிடம் அல்ல, என்னிடம். நீ அப்போது வீடாக மாற்றிய உன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கட்டிலுக்கு அடியில் பாட்டரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாய். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தேடி நீ முன்பக்கம் போன நேரம் பார்த்து, என் பக்கம் குனிந்து கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "பாட்டரி ஃபுல்லா இருக்கும்ங்க, அதெல்லாம் நிக்காது" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. நிற்குமா என்று அவர் கேட்கவில்லை, நின்றால் யார் என்றுதான் கேட்டார். என்னிடம் படித்த பிள்ளை பரீட்சைத் தாளில் இப்படி எழுதியிருந்தால், கேள்வியை மறுபடி படி என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

இப்போது முன்னறையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பாதிதான் உண்மை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் வோல்ட் மீட்டரைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். சாப்பாட்டு மேசையில், வண்டிப் பாட்டரியிலிருந்து கழற்றிச் சார்ஜில் போட்ட உன் நான்கு லித்தியம் செல்களும் நீல உறை போட்ட செங்கற்கள் மாதிரி ஒட்டி நிற்கின்றன. சாப்பாடு அடுப்படியில், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு. நீ ஆபீஸ் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கோவைக்குக் கிளம்பிப் போனாய். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் சொன்னா நீ கேக்கவா போற? நீயே பாத்துக்க" என்றாய். பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, அதனால்தான் கடிதம். இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வேனை வாங்கி வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பின்னால் ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள்.

நீ நேற்று போனில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். எழுத்தில் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும்.

"ஆச்சாம்மா?"

"இல்லப்பா."

"எம்புட்டு காட்டுது?"

"மூணு புள்ளி மூணு நாலு."

"காலையிலயும் அதத்தான சொன்ன?"

"காலையிலயும் அதான் காட்டுச்சு."

"மீட்டர் கெட்டுப்போச்சா?"

"மீட்டரு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் பொறுமை கெட்டுப்போச்சு."

வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் மட்டும் என்ன, அதற்குள் மூன்று தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தானே உனக்குப் பதில் சொன்னேன். இந்த வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. அப்பாவும் அப்படித்தான், ஊர் சுற்றத்தான் வாய்க்கவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க, சாக்கு மூட்டைகளின் மேல் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து ஊர்ப் பெயர் எழுதியவர் அவர். நாக்பூர், இந்தூர், கட்டாக். அந்த ஊர்களுக்கு மூட்டைகள் போயின, இவர் திருமங்கலம் தாண்டிப் போனதே கல்யாணம், கருமாதி, ஏதாவது அவசரத்துக்குத்தான். "டீச்சர், இந்த நாக்பூர்னு ஒண்ணு நெசமாவே இருக்கா, இல்ல மொதலாளி சும்மா எழுதச் சொல்றாரா?" என்று சாப்பிடும்போது கேட்பார். அதனால்தான், "ப்பா, வாங்க, நீங்க எழுதுன ஊருக்கெல்லாம் போயிட்டு வருவோம்" என்று நீ சொன்ன அன்று அவர் முகம் அப்படி ஆனது. ரிட்டயரான பிறகு யாரும் அவரை எங்கும் கூப்பிட்டதில்லை.

ஆனால் அவருடைய தூக்கம் உனக்கு முழுதாகத் தெரியாது. நீ ஹாஸ்டலில் இருந்தாய், பிறகு வேலைக்குப் போய்விட்டாய். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும். குறட்டை ஏறி, ஏறி, திடீரென்று ஒன்றும் கேட்காது. அந்த அமைதியில்தான் நான் விழிப்பேன். சத்தத்துக்கு விழிப்பவர்கள் உண்டு, நான் சத்தம் நின்றால் விழிக்கிறவளாகிப் போனேன். அவர் தோளில் கை வைத்து ஒரு தள்ளு. உடனே ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார். காலையில் கேட்டால், "எனக்கென்ன, அடிச்சுப் போட்டாப்புல தூங்குனேன்" என்பார். பிறகு டாக்டர் அந்த மெஷினைக் கொடுத்தார், மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்பா அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார். ஒரு நாளும் விடக் கூடாது, இருதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதுவும் போனால் நான் இருக்கிறேன். வண்டியில் படுக்க இரண்டு பேருக்குத்தான் இடம். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அர்த்தம் இதுதான்.

இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

மூணு புள்ளி மூணு நாலு.

திருமங்கலத்துக்கு ஓட்டிப் பார்த்த அந்த நாளை நாம் மூவரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்ததை எழுதுகிறேன். காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். வரும் வழியிலேயே நீ கதவோரம் பதித்திருந்த சின்னத் திரையில் நூறு என்று வந்தது. "பாத்தீங்களாப்பா, ஓடும்போதே இஞ்சின்ல இருந்து சார்ஜ் ஏறிருச்சு, ஃபுல்லு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாய். வீட்டு வாசலில் வாதாம் மர நிழலில் வண்டியை நிறுத்தினோம். ஃபேன், ஃபிரிட்ஜ், தும்பிக்கை மூன்றையும் போட்டுவிட்டு அப்பா அங்கேயே படுத்தார். நானும் திரையைப் பார்த்தேன், நூறு என்றதும் மனசு லேசானது. "ஃபுல்லா இருக்குங்க, நிம்மதியாப் படுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நீ மாடியில் போனில் இருந்தாய். நான் டீ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளியபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், மாஸ்க் கையில் இருந்தது. உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. ஃபேன் சுற்றவில்லை. முகம் வெளிறி, சட்டை நனைந்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தெருவுல கரண்டு போயிருச்சா?" வண்டிக்கும் தெருவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. அவ்வளவு குழம்பிப்போய் எழுந்திருக்கிறார், தானாக, யாரும் எழுப்பாமல்.

நீ ஓடி வந்து வீட்டிலிருந்து வயரை இழுத்துச் சொருகினாய். திரை உயிர் பெற்று அறுபத்திரண்டு என்றது. "பாரும்மா, அறுபத்திரண்டு பெர்சன்ட் இருக்கு! எப்படி நிக்கும்? நிக்கவே நிக்காது!" என்று கத்தினாய். நின்றுபோன ஃபேனுக்கு நேராக நின்றுகொண்டு கத்தினாய். அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். "நீ போயிட்டு வாப்பா. போற எடத்துல போட்டோ எடுத்து அனுப்பு, அம்புட்டும் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் நீயும் நானும் தாங்கியிருப்போம். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தத் தலையணை இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நமக்குள் நடந்தது சண்டைதான், வேறு பெயர் வேண்டாம். நாலையும் கழற்று என்றேன். "அம்மா, இது ஒன் ஸ்கூல் லேப் இல்ல" என்றாய். ஸ்கூல் லேபாக இருந்தால் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே கழற்றச் சொல்லியிருப்பேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பியே ஆக வேண்டும், நாள் மாற்ற முடியாது, மழைக்கு முன்னால் வடக்கே போய்ச் சேர வேண்டும் என்றாய். ஆனாலும் ஸ்பானரை எடுத்தாய், அதை நான் மறக்கவில்லை. மீட்டரின் முனையை ஒவ்வொரு செல்லாக வைத்தோம். மூன்று செல்கள் மூன்று வோல்டைக்கூடத் தொடாமல் சுருண்டு கிடந்தன. நான்காவது மட்டும் மூன்று புள்ளி மூன்றுக்கு மேலே ஜம்மென்று நின்றது. அப்போதுதான் உனக்கு நினைவு வந்தது. பார்சலில் ஒரு செல் நசுங்கி வந்ததால் திருப்பி அனுப்பி, கடைக்காரர் அதற்குப் பதில் அனுப்பிய செல் அது. அவர் நல்ல மனதோடு அதை முழுக்கச் சார்ஜ் ஏற்றிச் சோதித்து அனுப்பியிருக்கிறார். மற்ற மூன்றும் தொழிற்சாலையிலிருந்து கால்வாசி வயிற்றோடு வந்தவை. நீ நான்கையும் வந்தது வந்தபடியே வரிசையாகப் பூட்டிவிட்டாய்.

நான் இதைப் பார்த்து ஏன் சிரித்தேன் என்று உனக்கு அன்று கோபம். சொல்கிறேன். மின்சாரப் பாடம் எடுக்கும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு பிள்ளை. அது டியூஷனில் அந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருக்கும். நான் போர்டில் பாதி எழுதி, "புரிஞ்சுதா?" என்று திரும்பினால், முதல் பெஞ்சிலிருந்து, "புரிஞ்சுருச்சு டீச்சர்!" என்று முந்திக்கொண்டு அது கத்தும். அது கத்திவிட்டால் மற்ற யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த ஒரு குரலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போனால் பரீட்சையில் மொத்த வகுப்பும் கவிழும். அந்தப் பிள்ளையின் மேல் தப்பே இல்லை, அதற்கு நிஜமாகவே புரிந்திருந்தது. உன் நான்காவது செல்லும் அப்படித்தான். இஞ்சினிலிருந்து கொஞ்சம் சார்ஜ் வந்ததுமே, "எனக்குப் போதும்" என்று அது கத்திவிட்டது. செல்களைக் காவல் காக்கிற அந்த எலக்ட்ரானிக் அட்டை, ஒரு செல் நிறைந்தாலும் மொத்தச் சார்ஜையும் நிறுத்திவிடும், அதுதான் அதன் வேலை. நிறுத்திவிட்டு, திரைக்கு நூறு என்று எழுதிக் கொடுத்தது. மற்ற மூன்றும் பசியோடு உட்கார்ந்திருந்தன. பிறகு சார்ஜ் இறங்கும்போது அந்த மூன்றில் ஒன்று தரையைத் தொட்டதும், அதே அட்டை மொத்தத்தையும் அணைத்தது. ஏற்றும்போது நிறைந்த செல் முடிவு செய்கிறது, இறக்கும்போது காலியான செல் முடிவு செய்கிறது. நடுவில் இருக்கிற கூட்டுத்தொகையைக் கேட்பார் இல்லை. அந்தச் செல்லுக்கு நீயே டியூஷன் செல் என்று பெயர் வைத்தாய். அன்று முழுக்க நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இதை உடனே கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம், நாம் வீட்டு இன்வெர்ட்டரோடு வாழ்ந்து பழகியவர்கள். அந்தப் பெரிய பாட்டரி களைத்தால் வோல்டேஜும் படிப்படியாக இறங்கும், விளக்கு மங்கும், நமக்குத் தெரியும். இந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் அப்படி முகம் காட்டாது. கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். முடியப் போகிற நேரத்தில்தான் விழும், நிறையப் போகிற நேரத்தில்தான் எழும். உன்னைப் போலத்தான். கோவையில் முதல் வேலைக்குப் போன புதிதில் தினமும் போனில், "நல்லா இருக்கேம்மா" என்பாய். காய்ச்சலில் படுத்து, சாப்பிடாமல் கிடந்து, உன் அறைத்தோழன் போன் பண்ணி, "ஆன்ட்டி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன அன்று காலையிலும் அதே "நல்லா இருக்கேம்மா" தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அப்பா என்னிடம், "இவங்கிட்ட இனிமே நல்லா இருக்கியான்னு கேக்காத, என்ன சாப்ட்டன்னு கேளு" என்றார். அன்றிலிருந்துதான் உன்னிடம் அந்தக் கேள்வி. உனக்கு எரிச்சலாக இருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு செல்லிலும் தனியாக மீட்டர் வைத்துப் பார்ப்பதும் அதே மாதிரி எரிச்சலான வேலைதான்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கையில் கிடந்த வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைத்தேன். ஸ்பானரோ நகையோ இரண்டு முனைகளிலும் ஒருசேரப் பட்டால், இந்தச் செல் கொடுக்கிற வேகத்தில் இரும்பே சிவந்துவிடும். அப்பா எட்டிப் பார்த்து, "எதுக்கு டீச்சர் நகையெல்லாம் கழட்டுற, அடகு வச்சு எனக்கு டிக்கெட் போடவா?" என்றார். அவர் அந்தப் பேச்சை எடுத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். நான்கு செல்களின் பிளஸ் முனைகளையும் செம்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று சேர்த்தேன், மைனஸ் முனைகளை அதே போலத் தனியாக. இப்போது அவை வரிசையில் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடுகின்றன. சார்ஜரை முதலில் தனியாக மூன்று புள்ளி ஆறு ஐந்து வோல்டுக்கு வைத்து, அதற்குப் பிறகுதான் செல்களோடு இணைத்தேன். இணைத்த பின் சார்ஜரின் வோல்டேஜ் திருகைத் தொடுவதே இல்லை. அந்த அளவைத் தாண்டிவிட்டால் செல்லின் வயிறு வீங்கும். காத்திருப்பது ஒன்றுதான் வேலை. நான் படுக்கப் போகும்போதும், கடைக்குப் போகும்போதும் அணைத்துவிடுகிறேன். ஆள் இல்லாமல் இதைச் சார்ஜில் விட மாட்டேன், நீயும் விடாதே.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். இப்போது மறுநாள். காலையில் போட்டதிலிருந்து அதே எண்தான். அப்பா ஸ்டூலைப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, "இந்தா, நாலு மாறி அஞ்சாயிருச்சு" என்றார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். மூணு புள்ளி மூணு அஞ்சு. அதற்குப் பிறகு எங்களால் அங்கிட்டு இங்கிட்டு நகர முடியவில்லை. மதியத்துக்கு மேல் அது பிடித்த பிடியில் ஏறத் தொடங்கியது. மூணு புள்ளி நாலு, நாலரை, ஐந்தைத் தாண்டி மேலே. இத்தனை நேரமும் அசையாமல் கிடந்தது இப்படி ஓடும் என்று பாடமாக எனக்குத் தெரியும், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது சார்ஜரின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்து ஒரு தூக்கம் போடப் போகிறவர்கள் செல்லைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். மேல் அளவைத் தொட்டு நின்றது. உள்ளே போகும் கரண்டு குறைந்து குறைந்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனதும் அணைத்தேன். இப்போது நான்குக்கும் ஒரே உயரம். டியூஷன் செல்லும் மற்றவையும் இனி ஒரே வகுப்பு.

ஆனால் தம்பி, அப்பா கேட்டதற்கு இதுவும் பதில் இல்லை. நான் மறுபடியும் நிற்காது என்ற பதிலைத்தான் அழகாகச் செய்து முடித்திருக்கிறேன். நின்றால்? நீ ஒரு பஸ்ஸர் வைத்திருந்தாய், சார்ஜ் குறைந்தால் கத்தும் என்றாய். அன்று அது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவை மீட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, வண்டிக்குள் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அதுவும் அதே பாட்டரியில்தான் சாப்பிடுகிறது. பாட்டரி அணைந்த நொடியில் கத்த வேண்டியதும் சேர்ந்து அணைந்துவிட்டது. வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை எழுத ஒரு லீடரை நிறுத்திவிட்டுப் போனால், அவளும் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கதை.

அதனால் என்னிடம் இருந்த பழைய ரிலே ஒன்றை எடுத்தேன், மின்காந்த மணி பாடத்துக்கு நான் கொண்டுபோவது. பஸ்ஸருக்குத் தனியாக ஒரு டார்ச் செல்கள் பெட்டி கொடுத்தேன். பெரிய பாட்டரி உயிரோடு இருக்கும்வரை ரிலே அந்த பஸ்ஸரின் வாயைப் பொத்திப் பிடித்திருக்கும். பாட்டரி போனால் பிடித்த கை தானாக விலகும், பஸ்ஸர் தன் சொந்தச் செல்லில் கத்தும். கத்துவதற்கு அது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினோம். சோதித்தபோது எதிர் வீட்டு நாய் எழுந்து ஓடியது. "யாத்தே, செத்தவனே எந்திரிச்சுருவான்" என்றார் அப்பா. பிறகு டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பரணில் கிடந்த தன் தூரிகையையும் மை டப்பாவையும் எடுத்து வரச் சொன்னார். மை காய்ந்திருந்தது, மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்தார். மூட்டைக்கு எழுதுகிற அதே கொட்டை எழுத்தில், பஸ்ஸர் டப்பாவின் மேல் எழுதினார். நான் அலாரம் என்று எழுதுவார் என்று நினைத்தேன். நாக்பூர் என்று எழுதியிருந்தார். மை காயட்டும் என்று டப்பாவை ஜன்னலோரம் வைத்தேன்.

வண்டியில் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு, எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் ம் ம் என்பாய். இஞ்சினிலிருந்து வரும் வயருக்கு நடுவே நீ வைத்திருக்கிற அந்தச் சார்ஜரை, வழியில் கெட்டுப்போனாலும், தவிர்த்துவிட்டு நேரடியாக இணைக்காதே. இந்தப் பாட்டரி கிடைத்ததையெல்லாம் ஒரே மடக்கில் இழுக்கும், கொடுத்துக் கொடுத்தே இஞ்சினோடு சுற்றிக் கரண்டு தருகிற ஆல்டர்னேட்டர் கருகிப் போகும். கூரையில் இருக்கிற சோலார் தகடு நம் வெயிலுக்கு நன்றாகவே கொடுக்கும், ஆனால் அதே வெயில் பாட்டரிப் பெட்டிக்குள் ஏறக் கூடாது. உச்சி வெயிலில் வண்டியை மூடி நிறுத்திவிட்டு வந்தால், கதவைத் திறந்து உள்ளே ஆறவிட்டுப் பிறகு சார்ஜ் போடு. நம் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வருகிற அண்ணன் சொல்கிற மாதிரி எந்நேரமும் ஃபுல்லாக வைத்திருக்காதே, அது அந்தப் பாட்டரிக்கு. இதற்குத் தினமும் முக்காலோ, முக்காலுக்குக் கொஞ்சம் மேலோ போதும். எப்போதாவது ஒரு நாள் முழுக்க ஏற்று, செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக. அன்று மட்டும் திரையைப் பார்க்காமல் நாலையும் தனித்தனியாக மீட்டரில் பார். ஃபிரிட்ஜா தும்பிக்கையா என்று வந்தால் ஃபிரிட்ஜை அணை. பால் திரிந்தால் திரியட்டும்.

நான் வரவில்லை என்று சொன்னதற்கு முழங்காலைக் காரணம் காட்டினேன். இடம் இல்லை என்பதுதான் உண்மை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு இந்த வீட்டில் குறட்டையும் இருக்காது, தும்பிக்கையின் காற்றுச் சத்தமும் இருக்காது. சத்தம் நின்றால் விழிக்கிறவள் நான். எத்தனை நாள் விழித்துக்கொண்டு கிடக்கப் போகிறேனோ. அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் என் கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குப் போதும். அப்பாவிடமும் கேட்டுவிட்டேன். "அவன் எந்திரிச்சான்னா தலகாணி வண்டியிலயே இருக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை வந்ததும் செல்களை மறுபடி வரிசையாகப் பூட்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பாவோடு வண்டியில் படு, கண்ணை மூடிக்கொண்டு நடிக்காதே, நிஜமாகவே தூங்கு. ஏதோ ஒரு நேரத்தில் நான் வெளியிலிருந்து பாட்டரியின் மெயின் சுவிட்சை அணைப்பேன், எப்போது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸர் கத்தும். எழுந்ததும் போனைத் தேடாதே, திரையைப் பார்க்காதே, பாட்டரிப் பெட்டியைத் திறக்காதே. முதலில் அவர் தோளைத் தொடு.